தலையாட்டு நாள்

தேரிமேட்டுப் பல்கலைக்கழகத்தில் ஒரு பாடத்துக்குத் தலையாட்டினால் மற்றப் பாடத்தின் கட்டடம் கண்ணிலிருந்து போய்விடும் என்பது அந்தச் சுற்றுவட்டாரத்தில் சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. ஆனி முடியும், புதுப்பிள்ளைகள் பெட்டிபடுக்கையோடு வந்திறங்குவார்கள், ஆடிக்காற்று செம்மணலை வாரி முகத்தில் அடிக்கும், பாட ஆலோசகர் பாடத்தைச் சொல்லுவார், பிள்ளைகள் தலையாட்டுவார்கள், கட்டடம் போகும். இதில் அதிசயப்பட என்ன இருக்கிறது என்று பேருந்து நிறுத்தத்தில் சுக்குக்காப்பி விற்கிறவர் கேட்பார், கேட்டுவிட்டு அடுத்த தம்ளரை ஆற்றுவார்.

ஆவுடைச்செல்வியும் கேள்விப்பட்டிருந்தாள். ஆனால் வம்பு பேசுகிற பிள்ளை என்று ஊரில் பேர் வாங்கியவள் அவள். தலையாட்டினால்தானே போகும், நான் ஆட்டப்போவதில்லை, அவ்வளவுதானே என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு அப்பாவோடு வந்துவிட்டாள். பெட்டிக்குள் துணிகளுக்கு நடுவில் ஒரு சுண்ணாம்புக்கல் இருந்தது. அப்பா சுடலைக்கண்ணு கல் குவாரியில் லாரி ஓட்டுகிறவர். அவள் பள்ளிக்கூடத்தில் படிக்கையில் பாரத்திலிருந்து பொறுக்கிக்கொண்டு வந்து கொடுத்த கல் அது, அதன் வயிற்றில் ஒரு சிப்பி முழுசாகப் பதிந்திருந்தது. கடல் இல்லாத ஊரில் கல்லுக்குள் சிப்பி எப்படி வந்தது என்று அப்பாவைக் கேட்டாள், அப்பாவுக்குத் தெரியவில்லை; டீச்சரைக் கேட்டாள், பரீட்சைக்கு வராது என்று சொல்லிவிட்டார்கள். அதைத் தெரிந்துகொள்ளத்தான் அவள் நிலவியல் கேட்டு இவ்வளவு தூரம் வந்திருந்தாள். நிலவியல் கட்டடம் வேப்பமரத்துக்குப் பக்கத்தில், காவி பூசி, மாடியில் தண்ணீர்த்தொட்டியோடு நின்றது. உள்ளே நுழையும்போதே அதைப் பார்த்து வைத்துக்கொண்டாள்.

தலையாட்டு நாளன்று அரங்கத்தில் புதுப்பிள்ளைகளும் அவர்களைக் கொண்டுவிட வந்தவர்களும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் ஒரு மரமேசை, மேசைக்குப் பின்னால் ஆலோசகர் சங்கரபாகம் சார். புதுப்பிள்ளைக்கு எது வரும், எதில் ஆசை, எந்தப் பாடத்துக்குப் பிறகு எதைப் படித்தால் நல்லது என்று உட்காரவைத்துக் கேட்டுத் திட்டம் போட்டுக் கொடுப்பதுதான் ஆலோசகரின் வேலை என்று பல்கலைக்கழகத்தின் விளம்பரத்தில் அழகாகப் போட்டிருந்தது. சார் தொண்டையைச் செருமினார்.

"விருப்பப் பாடம். ஒற்றைப்படை எண் எல்லாருக்கும் அலுவலக நிர்வாகம். இரட்டைப்படை எண் எல்லாருக்கும் நிலவியல். விளங்குதா?"

விளங்கியவர்களும் தலையாட்டினார்கள், விளங்காதவர்களும் தலையாட்டினார்கள், காது கேட்காத பின்வரிசையும் முன்வரிசையைப் பார்த்துத் தலையாட்டியது. வாத்தியார் ஒன்றைச் சொல்லி முடித்தால் தலையாட்டுவது நம் கழுத்துக்குப் பால்குடி மறக்கும் முன்பே வந்துவிடுகிற பழக்கம்.

ஆவுடை எழுந்து நின்றாள். "சார், விருப்பப் பாடம்னு சொன்னீங்க. யாரு விருப்பம்?"

அரங்கம் சிரித்தது. "வக்கீலுக்கு விடவேண்டிய பிள்ளைய தெரியாம இங்க கொண்டாந்து விட்டுட்டாவ" என்று ஓர் அம்மா சத்தமாகவே சொன்னாள்.

"துறையோட விருப்பம்மா" என்றார் சார், கோபப்படாமல். "உன் எண் என்ன?"

"ஒற்றைப்படைதான் சார். ஆனா எனக்கு நிலவியல் வேணும். நான் தலையாட்டல."

"கூட வந்திருக்கது யாரு?"

"நான்தான் சார், தகப்பன்" என்று சுடலைக்கண்ணு எழுந்தார்.

"பிள்ளைக்கு அலுவலக நிர்வாகம். சரிதானே அய்யா?"

சோதனைச்சாவடியில் தலையாட்டிய தலை அது, குவாரி முதலாளியின் கார் கடக்கும்போது ஆட்டிய தலை, பாரம் கூடுதல் என்று தெரிந்தும் சாவியை வாங்கிக்கொண்டு ஆட்டிய தலை. நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்து "சரிதானே" என்று கேட்டால் அது வேறென்ன செய்யும்? ஆடியது.

ஜன்னலுக்கு வெளியே, வேப்பமரத்துக்குப் பக்கத்தில், முதலில் தண்ணீர்த்தொட்டி போனது, பிறகு மொட்டைமாடி, பிறகு மாடி ஜன்னல்கள் ஒவ்வொன்றாக, யாரோ ஈரத்துணியால் பலகையைத் துடைப்பதுபோல மேலிருந்து கீழாகப் போய், கடைசியில் வாசற்படியும் போனது. கைப்பிடிச்சுவரில் உட்கார்ந்திருந்த காக்கா மட்டும் ஆகாயத்தில் அப்படியே உட்கார்ந்து அலகைத் தீட்டிக்கொண்டிருந்தது. ஆட்டிய அப்பனுக்கும் போனது, ஆட்டாத மகளுக்கும் போனது. "அங்ஙன ஒரு கட்டடம் நின்னுச்சே" என்று முணுமுணுத்த அப்பா, சார் பார்க்கிறார் என்றதும் அதற்கும் சேர்த்து ஒரு தரம் தலையாட்டி வைத்தார். யாருடைய தலை ஆடியது, யாருடைய கண் போனது என்று அந்த அரங்கத்தில் ஒருவரும் கேட்கவில்லை.

பல்கலைக்கழகம் இதற்கெல்லாம் எப்போதோ பழகிவிட்டிருந்தது. முதல் மாதம் புதுப்பிள்ளைகள் கண்ணுக்குத் தெரியாத சுவர்களில் முட்டிக்கொண்டு நெற்றி வீங்கித் திரிவார்கள். விடுதி வாசலில் பாட்டி மருந்துக்கடை ஒன்று முளைத்து மஞ்சள்பற்று விற்கும். இடது கையை முன்னால் நீட்டிக்கொண்டு நடக்க மூத்த பிள்ளைகள் சொல்லிக் கொடுப்பார்கள். அந்த நடைக்கு ஒரு பட்டப்பெயரும் உண்டு, குருட்டு நாரை. காக்கா உட்கார்ந்திருக்கும் உயரத்தை வைத்து மாடியைக் கண்டுபிடிக்கலாம், தேரிமணல் நேர்கோட்டில் குவிந்து கிடந்தால் அங்கே சுவர் இருக்கிறது, பல்லி அந்தரத்தில் ஓடினால் ஒதுங்கிக்கொள். தெரியாத கட்டடத்துக்குள் போகிற ஆளும் வாசற்படியோடு மறைந்து, மணி அடித்ததும் வெறும் காற்றிலிருந்து சிரித்துக்கொண்டே இறங்கி வருவான். அவனிடம் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்பது மரியாதை இல்லை. பெற்றவர்களுக்கோ இதில் பரம திருப்தி. கண்டதைப் பார்த்தால் மனசு அலையும், நேர்வழி மட்டும் தெரிந்தால் போதும் என்றார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண் கேட்டு வரும்போது "பிள்ளைக்கு எத்தனை கட்டடம் தெரியும்?" என்று விசாரிப்பதும், "ரெண்டே ரெண்டு, வகுப்பும் விடுதியும்" என்று சொன்னால் உடனே தாம்பூலம் மாற்றுவதும் நடந்தது.

வருஷத்துக்கு வருஷம் தலையாட்டு நாள் வரும், வரவர இன்னும் கொஞ்சம் போகும். ஆவுடையின் விடுதி அறையில் இறுதியாண்டு மரகதவல்லி அக்கா இருந்தாள். அவளுக்கு ஒரு நடைபாதையும் ஒரு வகுப்பறையும் இந்த அறையில் தன் கட்டிலும் மட்டுமே தெரியும். கம்பிமேல் நடக்கிறவள்போல ஒரு காலுக்கு நேரே மறுகாலை வைத்து நடப்பாள், பக்கவாட்டில் திரும்பவே மாட்டாள்.

"பயமா இல்லையாக்கா?" என்று ஆவுடை கேட்டாள்.

"எதுக்குளா பயம்? தெரிஞ்சாத்தானே பயம்." அக்கா தலையணை உறையை மடித்தபடி சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த வேப்பமரம் பூத்திருக்கா?" என்று கேட்டாள்.

"போனதைத் திருப்பிக் கொண்டாற முடியாதாக்கா?"

"ஆட்டின தலையே திருப்பி ஆட்டணும்னு சொல்லுவாவ. மாட்டேன்னு. அதே மேசை முன்னாடி, அவரு முகத்தைப் பாத்து." அக்கா யோசித்தாள். "இதுவரைக்கும் யாரும் ஆட்டினதா நான் கேள்விப்படல."

"நான் ஆட்டுதேன்."

"உன் தலை எங்கட்டி ஆடுச்சு? உங்க அப்பா தலைலா ஆடுச்சு."

அப்புறம்தான் அக்கா அந்த அம்மாவைப் பற்றிச் சொன்னாள். வாசலில் காவலாளியின் கூண்டுக்குப் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் தூக்குவாளியோடு வந்து உட்காருகிற அம்மா. அவள் மகன் ஒதுக்கிய வகுப்புக்குப் போகவில்லை. போகாதவன் பேரை எடுத்துவிடலாமா என்று கேட்டார்கள், அவள் தலையாட்டினாள். ஆட்டிய மறுநிமிஷம் மகன் அவள் கண்ணிலிருந்து போய்விட்டான். அவன் எங்கேயும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து அவளுக்கு எதிரிலேயே உட்கார்ந்து, தூக்குவாளியைத் திறந்து சாப்பிட்டு, கழுவி வைத்துவிட்டுப் போகிறான். அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். "சாப்பிட்டுட்டாம்மா, நல்லாச் சாப்பிட்டான்" என்று காவலாளி சொல்லுவார். அவள் அதற்கும் தலையாட்டிவிட்டுப் பேருந்து ஏறுவாள். அவளுக்காகப் பல்கலைக்கழகம் அங்கே ஒரு சிமெண்டு பெஞ்சு போட்டுக் கொடுத்திருந்தது.

அன்றைக்கு ஆவுடைக்குத் தூக்கம் வரவில்லை. செத்துப்போவதைவிட அந்தப் பெஞ்சு பயமாக இருந்தது.

மறுநாள் சங்கரபாகம் சார் அறைக்குப் போய்க் கதவருகில் நின்று "சார்" என்றாள்.

"யாரு? மேசைக்கு நேரா வா. பக்கத்துல நின்னா எனக்குத் தெரியாது."

நேராக வந்தாள். சாரின் கண் மேசையின் விளிம்பிலிருந்து தொடங்கி அவள் கழுத்துவரை ஏறி நின்றது. அந்த அறையில் அலமாரி இருந்தது, ஜன்னல் இருந்தது, மூலையில் ஒரு சிலந்தி பெரிய வலை கட்டியிருந்தது. இவை எதுவும் அவருக்கு இல்லை என்று அவளுக்குப் புரிந்தது. அவரும் ஒரு காலத்தில் யாரோ ஒருவரின் மேசைக்கு முன்னால் நின்று ஆட்டத் தொடங்கியவர்தானே.

"சார், என் கூட இருக்க ஜெசிந்தாவுக்கு நிலவியல் விழுந்திருக்கு. அவளுக்கு அலுவலக நிர்வாகந்தான் வேணும், அவ மாமா துறைமுகத்துல கம்பெனி வச்சிருக்காரு. எனக்கு நிலவியல் வேணும். ரெண்டு பேரும் மாத்திக்கிட்டா யாருக்கு என்ன நட்டம்?"

"இன்னிக்கு நீ மாத்துவே, நாளைக்கு எல்லாரும் கல்லு படிக்கப் போவாங்க. இந்தப் பக்கம் ஆள் குறைஞ்சா வகுப்பை மூடணும். மூடினா அதை எடுக்கிற கௌரவ விரிவுரையாளருக்கு வேலை போகும். பிள்ளைகுட்டிக்காரர்." சார் மெதுவாகத்தான் சொன்னார். "உனக்கு ஆசை, அவருக்குச் சோறு. எது பெரிசு?"

"ரெண்டையும் எடைபோட வேண்டியது பல்கலைக்கழகம் சார். என் தலையில ஏன் போடுதீங்க?"

"உன் தலை இல்லம்மா, உங்க அப்பா தலை" என்றார் சார். அதில் கேலி இல்லை.

அப்பாவுக்குப் போன் போட்டாள். லாரி எங்கோ வரிசையில் நின்றது, பின்னால் ஹாரன் சத்தம்.

"ஒரு தரம் வந்து மாட்டேன்னு தலையாட்டிட்டுப் போங்கப்பா. அவ்வளவுதான்."

"என்ன பேச்சுப் பேசுத ஆவுடை? வாத்தியாரு மூஞ்சிக்கு நேரா நான் மாட்டேன்னு சொல்லவா? படிச்ச மனுசன் நல்லதுக்குத்தாம் சொல்லுவாரு."

"எனக்கு எது நல்லதுன்னு அவருக்கு எப்படித் தெரியும்? அவருக்கு என் மூஞ்சியே முழுசாத் தெரியாதுப்பா."

வரிசை நகர்ந்தது போலிருக்கிறது. "தாயி, வண்டிய எடுக்கணும்" என்று வைத்துவிட்டார்.

கடைசியில் வழி சொன்னவள் ஜெசிந்தாதான், கடற்கரைக்காரி, எதையும் யோசிக்காமல் செய்து பார்க்கிறவள். "உனக்குக் கண்ணுலதானட்டி போச்சு? காலுல போகலல்லா? கண்ண மூடு" என்று சொல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டு வேப்பமரத்துக்கு அந்தப்பக்கம் நடத்திக்கொண்டு போனாள். கண்ணை மூடியதும் சுவர் சுவராகத்தான் இருந்தது. சூடாக, சொரசொரப்பாக, காரை பெயர்ந்து. படி படியாகத்தான் இருந்தது. பாதி ஏறியதும் ஆசை பொறுக்காமல் ஆவுடை கண்ணைத் திறந்தாள். காலுக்குக் கீழே ஒன்றுமில்லை, வெகு ஆழத்தில் செம்மணலும் தன் செருப்பைத் தாண்டி ஓடுகிற ஓர் அணிலும். அப்படியே உட்கார்ந்து இல்லாத படியைப் பத்து விரலாலும் பிடித்துக்கொண்டாள். "மூடுன்னு சொல்லுதேன்லா, மூடு" என்று பக்கத்தில் வெறும் காற்று அதட்டியது. அது ஜெசிந்தாவின் குரல்.

அலுவலக நிர்வாக வகுப்பு நடக்கிற அதே நேரத்தில் அவள் தினமும் கண்ணை மூடிக்கொண்டு ஏறினாள். பார்க்க முடியாத பெஞ்சில் உட்கார்ந்து, நிலவியல் எடுக்கிற, பார்க்க முடியாத எஸ்தர் மிஸ்ஸின் குரலைக் கேட்டாள். குரல் கேட்கும் திசையில் சிப்பிக்கல்லை நீட்டினாள். யாருடைய விரல்களோ வாங்கிக்கொண்டன.

"கடல் ஏறி வந்திருக்கு, அப்புறம் இறங்கியிருக்கு, நிலமும் தன் பங்குக்கு உயர்ந்திருக்கு" என்றது குரல். "இந்த பூமியில எதுவும் சொன்ன இடத்துல கிடந்ததே இல்லம்மா."

மூடிய கண்ணுக்குள் ஆவுடைக்கு அழுகை வந்தது. இத்தனை வருஷமாகக் கேட்ட கேள்விக்குப் பதில், இவ்வளவு சாதாரணமாக.

ஆனால் மற்றக் கட்டடத்தில், அலுவலக நிர்வாக வகுப்பில், தினமும் அவள் பேரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தினமும் பதில் இல்லை.

மின்சாரம் நின்ற ஒருநாள். மின்சாரம் நின்றால் சாரின் மேசையைத் தூக்கி வேப்பமரத்தடியில் போடுவது அங்கே வழக்கம். மேசை போகிற இடமெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டே சாரும் போவார். மாடி வகுப்பில் புழுக்கம் தாங்காமல் ஆவுடை ஜன்னல் விளிம்பைத் தடவி அதன் ஓரம் உட்கார்ந்திருந்தாள்.

ஜெசிந்தாவின் குரல் காதருகில் வந்தது. "ஏட்டி ஆவுடை. உங்க அப்பா."

கண்ணைத் திறந்தாள். தரை இல்லை, சுவர் இல்லை. நேர்கீழே வேப்பமரம், அதன் நிழலில் மேசை, மேசைக்கு முன்னால் அப்பா. வண்டி ஓட்டுகிற சட்டையோடே வந்திருந்தார்.

"தொடர்ந்து வகுப்புக்கு வரல" என்று சார் சொல்வது கேட்டது. "பேரை எடுத்திடுவோம். சரிதானே அய்யா?"

"அப்பா!" என்று கத்தினாள். ஆடிக்காற்று அதைப் பிய்த்துக் கடல்பக்கம் கொண்டுபோனது. "அப்பா, ஆட்டாதீங்க! ஆட்டாதீங்கப்பா!" அப்பா நிமிர்ந்து நேராக அவள் இருக்கும் இடத்தைப் பார்த்தார், அவளுக்குள் புகுந்து பின்னால் இருந்த வானத்தைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். அந்தப் பார்வையில்தான் அவளுக்குச் சிமெண்டு பெஞ்சு தெரிந்தது, தூக்குவாளி தெரிந்தது, தனக்கு எதிரில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டே இருக்கப்போகிற அப்பா தெரிந்தார்.

கையில் இருந்தது கல் மட்டும்தான். எறிந்தாள்.

கட்டடத்தைத் தாண்டியதும் அது எல்லோர் கண்ணுக்கும் கல்லானது; வெறும் வானத்திலிருந்து விழுந்து மேசைக்காலுக்குப் பக்கத்தில் மணலில் புதைந்தது. சுடலைக்கண்ணு குனிந்து எடுத்தார். மணலைத் துடைத்தார். சிப்பியைக் கண்டதும் அவர் கட்டைவிரல் அதன்மேல் அப்படியே நின்றுவிட்டது.

"என்ன அய்யா, தலையை ஆட்டுங்க" என்றார் சார். "ஆட்டினாத்தானே முடியும்."

பழகிய கழுத்து முதலில் கீழேதான் இறங்கியது. ஆவுடை மேலிருந்து பார்த்தாள், அப்பாவின் மோவாய் சட்டைப் பித்தானைத் தொடுவதை. மோவாய் அங்கேயே நின்றது. பிறகு, பாரம் ஏற்றி அசையாமல் நிற்கிற லாரியின் ஸ்டீயரிங்கை ஒடித்துத் திருப்புகிறதுபோல, நரம்பு புடைக்க, மெல்ல, அந்தத் தலை இடப்பக்கம் திரும்பியது. பிறகு வலப்பக்கம்.

"இல்ல சார்" என்றார். "எம்பிள்ள இங்கதான் எங்கயோ இருக்கா. நான் ஆட்டமாட்டேன்."

அப்போது மரத்துக்கு அந்தப்பக்கம், செம்மணலுக்குமேல், ஒரு படி தெரிந்தது. ஒரே ஒரு படி, முனை உடைந்து, மூலையில் மணல் சேர்ந்து. வாழ்நாளெல்லாம் ஆட்டிய தலைக்கு ஒரு மறுப்புக்கு ஒரு படிதான் போலிருக்கிறது. அப்பா அதைப் பார்த்தார். கல்லைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய் அதில் ஏறி நின்றார். அதற்கு மேலே ஒன்றும் இல்லை, காற்று மட்டும்.

"எங்க போறீங்க?" சார் மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பதறினார். "நேரா வாங்க அய்யா, எனக்கு உங்களத் தெரியல, நேரா வாங்க!"

சுடலைக்கண்ணு திரும்பவில்லை. ஒரு காலைத் தூக்கி, எங்கே வைப்பதென்று தெரியாமல், வெறும் வானத்தைத் துழாவிக்கொண்டு நின்றார். ஆவுடை கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, சுவரைத் தடவியபடி, தெரியாத படிகளில் கீழ்நோக்கி ஓடி வந்துகொண்டிருந்தாள்.

"கண்ண மூடிக்கிட்டு வைங்கப்பா" என்று கத்தினாள். "இருக்கு. படி இருக்கு."